பிடிப்பதா, பிழைக்க வைப்பதா?

போதைப்பொருள் என்றாலே "பிடிச்சு உள்ளே போடு" என்பதுதான் முதலில் வாயில் வருகிறது. சரி, விற்பவனைப் பிடிக்கட்டும். நண்பன் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது, ஆம்புலன்ஸோடு போலீசும் வருமோ என்று பயந்து போனைக் கீழே வைத்துவிடுகிறானே, அவனை என்ன செய்வது? ஹெராயின் அளவு மிஞ்சினால் மூச்சுதான் அடங்கும்; அதை முறிக்கும் மருந்தான நலோக்சோனை மூக்கில் அடித்தால் சில நிமிடங்களில் திரும்ப வாய்ப்புண்டு. அந்த நேரத்தைப் பயம் தின்றுவிடுகிறது.

போர்ச்சுகலில் 2001 முதல், சொந்த உபயோகத்துக்கு 10 நாள் அளவு வரை வைத்திருப்பது கிரிமினல் குற்றமில்லை. பிடிபட்டவர் கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு குழு முன் போகிறார். விற்றால் இன்றும் சிறைதான். அமெரிக்காவின் ஓரிகன் 2020இல் வாக்கெடுப்பு நடத்தித் தண்டனையைத் தளர்த்தியது. சிகிச்சைக்கான பணம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. 2024இல் மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள். இதைக் காட்டி "பார்த்தீங்களா" என்பவர்கள் அந்தத் தாமதத்தைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.