டிஸ்டிங்விஷ்ட் ரைஃபிள்மேன் பேட்ஜ்: 30 புள்ளிகளுக்கு எப்படித் தயாராவது?

அமெரிக்காவில் ரைஃபிள் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்களிடையே டிஸ்டிங்விஷ்ட் ரைஃபிள்மேன் பேட்ஜுக்குத் தனி மரியாதை உண்டு. 1884-இல் ராணுவத்தில் தொடங்கிய மரபு இது. இன்று பொதுமக்களும் இதற்காகப் போட்டியிடலாம். சி.எம்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் அந்தப் பொறுப்பைக் கவனிக்கிறது. நான் பேட்ஜ் வாங்கியதிலிருந்து புதியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மார்க் எடுத்தால் கிடைக்கும்?" என்பதுதான். அதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்று புரிந்துவிட்டால், எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

தேவை 30 புள்ளிகள். அவை 'எக்ஸலன்ஸ் இன் காம்பெடிஷன்' என்ற வகைப் போட்டிகளில்தான் கிடைக்கும். கலந்துகொள்பவர்களில் இன்னும் பேட்ஜ் வாங்காதவர்களைத் தனியாகப் பிரித்து, அவர்களில் முதல் 10 சதவீதத்தினருக்கு மட்டும் புள்ளி தருவார்கள். அந்தச் சிலரிலும் மேலே இருக்கிற ஆறில் ஒரு பங்கினருக்கு 10, அடுத்த ஆறில் இரண்டு பங்கினருக்கு 8, மீதிப் பாதிப் பேருக்கு 6. ஒவ்வொரு முறை புள்ளி பெறுவதையும் 'லெக்' என்பார்கள். ஆறு ஆறாகவே சேர்த்து 30-ஐ எட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு லெக்காவது 8 அல்லது 10 புள்ளியாக இருந்தாக வேண்டும்.

ஆக, பேட்ஜ் இல்லாதவர்கள் 40 பேர் வந்திருந்தால் 4 பேருக்குத்தான் லெக். முடிவுப் பட்டியலில் ஒன்பதாவதாக உங்கள் பெயர் இருப்பதைப் பார்த்து மனம் உடைந்து கிளம்பிவிடாதீர்கள். மேலே இருக்கும் எட்டுப் பேரில் ஆறு பேர் ஏற்கெனவே பேட்ஜ் வாங்கியவர்களாக இருக்கலாம். அவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அன்று யார் வந்தார்கள், காற்று எப்படி அடித்தது என்பதைப் பொறுத்து லெக் கிடைப்பதற்கான மதிப்பெண் கோடு மேலேயும் கீழேயும் நகரும். அதனால் வாழ்நாள் உச்ச மதிப்பெண்ணைத் துரத்துவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. எல்லாம் கூடிவந்த ஒரு நாளில் 500-க்கு எடுத்த 485-ஐ வைத்து உங்களை எடை போடாதீர்கள். எதுவுமே சரியாக அமையாத நாளில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று பாருங்கள். அந்த எண்ணை மேலே கொண்டுவருவதற்குத்தான் பயிற்சி. காற்று கெட்டுப்போய் எல்லோரும் சரிகிற நாளில் குறைவாகச் சரிகிறவருக்கு லெக் கிடைக்கும். இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போட்டியில் மொத்தம் 50 தோட்டாக்கள், 500 மதிப்பெண். 200 கெஜத்தில் நின்றபடி 10 நிமிடத்தில் 10. அதே தூரத்தில் உட்கார்ந்தபடி 60 விநாடியில் 10. 300 கெஜத்தில் படுத்தபடி 70 விநாடியில் 10. 600 கெஜத்தில் படுத்தபடி 20 நிமிடத்தில் 20. வேறு பல போட்டிகளில் தருவதுபோல, கணக்கில் சேராமல் குறியைச் சரிபார்க்கச் சுடும் முன்னோட்டத் தோட்டாக்கள் இங்கே கிடையாது. முதல் தோட்டாவிலிருந்தே கணக்கு ஆரம்பமாகிவிடும்.

நின்ற நிலைதான் பெரும்பாலானவர்களைக் கீழே தள்ளுகிறது. லெக் வாங்கும் நிலையில் இருப்பவர்கள் 300 கெஜத்தில் எப்படியும் 97, 98 எடுத்துவிடுவார்கள். நின்று சுடும்போது ஒருவர் 95 எடுப்பார், இன்னொருவர் 86-இல் நிற்பார். காலையிலேயே ஒன்பது மதிப்பெண் போய்விட்டால் மாலைக்குள் அதை மீட்பது கடினம். இந்த நிலையில் ரைஃபிளின் வாரைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடிக்க விதி அனுமதிப்பதில்லை. விசையை இழுக்கத் தேவைப்படும் பளுவும் நாலரை பவுண்டுக்குக் குறையக் கூடாது. குறி அசைந்துகொண்டே இருக்கும். அது கறுப்பு வட்டத்தின் நடுவைக் கடக்கிற கணத்தில் விசையைச் சட்டென்று இழுத்துவிடத் தோன்றும். அப்படி இழுத்த தோட்டா ஏழாம் வளையத்திலோ எட்டாம் வளையத்திலோ போய் நிற்கும்.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. சுவரில் சிறிய இலக்கு ஒன்றை ஒட்டி, தோட்டா இல்லாத ரைஃபிளுடன் தினமும் சிறிது நேரம் பழகுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். ரைஃபிள் காலியாக இருப்பதை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். தோளில் ஏற்றியதும் கண்ணை மூடி, மூச்சை விட்டு, மறுபடி திறந்து பாருங்கள். குறி இடது பக்கம் விலகியிருந்தால் கையால் வலிந்து இழுக்காதீர்கள். பின்னங்காலை இம்மி நகர்த்தினால் உடம்போடு சேர்ந்து குறியும் திரும்பும். எட்டு, பத்து விநாடிக்குள் குறி அடங்கவில்லையென்றால் ரைஃபிளை இறக்கிவிட வேண்டும். சுடாமல் இறக்குவதை வீட்டிலேயே பழகாதவருக்குப் போட்டியில் அது கைவராது. பத்து நிமிடம் என்பது பத்துத் தோட்டாவுக்குத் தாராளமான நேரம்.

விரைவாகச் சுடும் இரண்டு சுற்றுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் மேகஸினில், அதாவது ரைஃபிளில் செருகும் தோட்டாப் பெட்டியில், 2 தோட்டா, மாற்றிய பிறகு 8. மேகஸின் மாற்றும்போது முழங்கைகள் இடம் பெயரக் கூடாது. ஒரு மூச்சுக்கு ஒரு தோட்டா என்ற தாளம் பிடிபட்டுவிட்டால் நேரம் போதும்.

600 கெஜம் தனிப் பாடம். அங்கே பத்தாம் வளையத்தின் குறுக்களவு 12 அங்குலம். மணிக்கு 1 மைல் வேகத்தில் குறுக்காக வீசும் காற்று, அந்தத் தூரத்தில் .223 ரகத் தோட்டாவை ஏறக்குறைய 3 அங்குலம் தள்ளிவிடும். இரண்டு மைல் வேகத்தைத் தவறாகக் கணித்தாலே நடுவில் போக வேண்டியது வளையத்தின் விளிம்புக்குப் போய்விடும். கன்னத்தில் படும் காற்றை வைத்து இந்த வித்தியாசத்தை உணர முடியாது. இலக்கைப் பார்க்க வைத்திருக்கும் சிறு தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் ஃபோகஸை இலக்குக்குச் சற்று முன்னால் வையுங்கள். தரையிலிருந்து எழும் கானல் அலைகள் தெரியும். மென்காற்றில் அவை சாய்ந்து ஓடும், வேகம் கூடினால் படுக்கைக் கோடுகளாக மாறும். நேர் மேலே கொதிப்பதுபோல எழும்பினால் காற்று திசை மாறப்போகிறது என்று வைத்துக்கொண்டு விரலை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் சுடுவது வெறும் சூதாட்டம்.

முன்னோட்டத் தோட்டா இல்லாத குறையை ஈடுகட்ட ஒரு வழி உண்டு. உங்களுக்கு முந்தைய அணி சுடும்போது பின்னால் உட்கார்ந்து, ஒருவரை மட்டும் பார்க்காமல் வரிசையாகப் பல இலக்குகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்குப் பிறகும் இலக்கைக் கீழே இறக்கி, துளையில் வட்ட அடையாளத்தைச் செருகி மேலே ஏற்றுவார்கள். ஐந்தாறு இலக்குகளில் அந்த அடையாளம் ஒரே சமயத்தில் வலப்பக்கம் விலகினால், அது சுடுபவர்களின் பிழையல்ல, காற்று மாறியிருக்கிறது. அந்த நொடியில் கொடி எப்படி இருந்தது, கானல் எப்படி ஓடியது என்று குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். உங்கள் முறை வரும்போது முதல் தோட்டாவுக்கான திருத்தம் கையில் தயாராக இருக்கும். பிறகு ஒரே வகைக் காற்றைத் தேர்ந்தெடுத்து, அது இருக்கும்போது மளமளவென்று சுடுங்கள், மாறும்போது நிறுத்துங்கள்.

இன்னொரு ஆபத்து பக்கத்து இலக்கில் சுட்டுவிடுவது. அது எவ்வளவு அழகான பத்தாக இருந்தாலும் உங்களுக்குப் பூஜ்யம்தான். லெக் உறுதி என்று எல்லோரும் நினைத்திருந்த ஒரு நண்பர் இப்படி ஒரே தோட்டாவில் அதை இழந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்; அவரைவிட எனக்குத்தான் அன்று அதிக வருத்தம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன்பு இலக்கின் எண்ணை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். இருபதாவது தோட்டாவிலும் சொல்லுங்கள்.

கருவிகளுக்காகக் கவலைப்பட்டு ஆண்டுகளை வீணாக்காதீர்கள். 2016 முதல் 4.5 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்பை ரைஃபிளில் பொருத்த அனுமதிக்கிறார்கள். வயதால் முன்குறி மங்கலாகத் தெரிகிறதே என்று ஒதுங்கியிருந்த பலர் அதற்குப் பிறகு திரும்பி வந்தார்கள். ஒரு நல்ல ரைஃபிள், ஒரே வகைத் தோட்டா, தடித்த சுடும் கோட்டு, நல்ல தோல் வார், ஒரு குறிப்பேடு போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களை நான் ஓஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெரிக்கு அனுப்புவேன். ஈரி ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் சுடுதளத்தில் 1907-இல் தேசியப் போட்டிகள் தொடங்கின. கோடையில் அங்கே நடக்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபயரிங் ஸ்கூல் புதியவர்களுக்கானது. ரைஃபிளும் தோட்டாவும் அவர்களே தந்து, அனுபவசாலிகளை அருகில் நிறுத்திச் சொல்லித் தருகிறார்கள். பயிற்சி முடிந்ததும் நடக்கும் எம்16 ரைஃபிள் போட்டியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் புதியவர்களுக்கு 4 புள்ளிகள் உண்டு. அந்த நான்கும் உங்கள் 30-இல் சேரும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், பதிவு திறந்தவுடனே பெயர் கொடுத்துவிடுங்கள்.