சித்தப்பா பிடித்த நத்தை

நேற்று சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு படம் போட்டார். முழங்கால் அளவு கடலில் நிற்கிறார். விரித்த உள்ளங்கையில் ஒரு கூம்பு நத்தை, வெளிர் ஓட்டில் பழுப்பு வலைக்கோடுகள். கீழே "பாப்பாவுக்கு" என்று ஒரு வார்த்தை. இதயங்கள் கொட்டின. அத்தை கும்பிடு போட்டார், எதற்கென்று தெரியவில்லை.

நான் மட்டும் "உயிரோடு இருக்கா, காலி ஓடா?" என்று கேட்டேன்.

"உயிரோடதான். மூக்கை நீட்டுது பாரு."

உடனே போன் போட்டேன். சித்தப்பா மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் அட்டையில் உள்ள எச்சரிக்கையைப் படிப்பவர். அவர் மூக்கு என்றதில் தப்பில்லை, அந்தக் குழாயால்தான் அது மோப்பம் பிடிக்கிறது. ஆனால் உள்ளே இன்னொரு குழாய் இருக்கிறது. அதன் நுனியில் ஊசி போல உள்ளே துளையுள்ள பல், நிறைய விஷம். இதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

"நத்தைடா. துரத்திக்கிட்டு வந்தா கடிக்கும்?"

"துரத்தவே வேண்டாம் சித்தப்பா, நீங்களே கையில ஏத்தி வச்சிருக்கீங்க."

1935இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் ஒருவர் இதே இனத்தைக் கையில் பிடித்துக் கத்தியால் ஓட்டைச் சுரண்டி, கொட்டு வாங்கிச் செத்துப்போன கதையைச் சொன்னேன்.

"அவன் சுரண்டினான். நான் சுரண்டலையே."

இவருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? கடைசியாக, அது மீன் பிடிக்கிற விதத்தைச் சொன்னேன். தண்ணீரில் இன்சுலினைக் கலந்துவிடும், மீனுக்குச் சர்க்கரை இறங்கிச் சொக்கிப்போகும், இது வாயைப் புனல் மாதிரி விரித்து அப்படியே விழுங்கிவிடும்.

மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "இன்சுலினா? நான் போட்டுக்கறதா?"

"கிட்டத்தட்ட அதுதான். மீனோட இன்சுலின் மாதிரி."

சாவுக்குப் பயப்படாத மனிதர், சர்க்கரை இறங்கும் என்றதும் பொத்தென்று தண்ணீரில் விட்டார். சத்தம் எனக்கே கேட்டது. பின்னாலிருந்து சித்தி, "எதுக்கு இப்ப அதைப் போட்டீங்க? அழகா இருந்துச்சே!"

பாப்பாவின் பரிசைப் பறித்த பாவி என்று குழுவில் எனக்குப் பட்டமும் கிடைத்துவிட்டது. இன்று காலை வரை அத்தை என் குட்மார்னிங்குக்குப் பதில் போடவில்லை.

ராத்திரி சித்தப்பாவே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "ஏண்டா, இந்த நத்தை விஷத்துல வலிக்கு மருந்து இருக்காமே?"

இருக்கிறது. இதே குடும்பத்து வேறொரு நத்தையின் விஷத்தைப் பார்த்து உருவாக்கிய சிகோனோடைடு. 2004இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். மாத்திரை இல்லை, தண்டுவட நீருக்குள் பம்ப் வைத்துச் செலுத்த வேண்டும், வேறு எதற்கும் கேட்காத கடும் வலிக்குத்தான் என்றேன்.

"உங்க சித்தி முதுகுவலியில ராத்திரி தூங்கறதே இல்லடா. டாக்டர்கிட்ட நீயே கேட்டுடு. நான் கேட்டா, கண்டதையும் படிச்சுட்டு வந்து உளறாதீங்கன்னு அவளே திட்டுவா."