ஐந்து வேலை நாள்

பிப்ரவரி 11, புதன்

ஆஸ்பத்திரி லேப் கவுண்டரில் ரசீதை நீட்டி "ரிசல்ட்டுக்கு அஞ்சு வேலை நாள் ஆகும், போன் பண்ணுவோம்" என்றார்கள். சனிக்கிழமை சேருமா என்று கேட்டேன். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

044 என்று ஆரம்பிக்கும் நம்பர். பதறியடித்து எடுத்தால், பெர்சனல் லோன் வேண்டுமா மேடம்.

வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. அம்மாவிடம் ஆபீஸ் டிரெயினிங் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ரூமிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும், ஊரையாவது பார்ப்போம் என்று எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் கேட் பூட்டு. "வெள்ளிக்கிழமை லீவும்மா" என்றார் காவலாளி, ஊருக்கே தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாத மாதிரி. சரி, மயிலாப்பூர். முகப்பில் பிங்க் அடித்த பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை, இன்றைய ஒரே லாபம். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் முழுக்கத் தகரம் அடைத்து வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றி வேர்த்து வழிந்து கபாலி கோயிலுக்கு வந்தால் நடை சாத்தியாச்சு, இனி நாலு மணிக்குத்தான். ஒரு காபியை டபராவில் ஆற்றி ஆற்றி ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்தக் காபி நன்றாக இருந்தது, அதை எழுதியே ஆகவேண்டும்.

நாலு மணிக்குப் புன்னை மரத்தடியில், மயில் உருவில் அம்பாள் பூஜை செய்யும் சந்நிதி. பக்கத்தில் ஒரு பாட்டி வாய்விட்டுப் பேரன் வேலை, மருமகள் முழங்கால் என்று பட்டியலே போட்டார். எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.

மெரினா மணலில் செருப்பு வார் அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு சுண்டல் தின்றேன். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றி வருவதை நாற்பது வரை எண்ணினேன். போன் சார்ஜ் 6 சதவீதம் என்றதும் ஓட்டமாக ரூமுக்கு.

பிப்ரவரி 14, சனி

"இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்மா" என்று வாரைத் தைத்துக் கொடுத்தார் பிளாட்பாரத்துத் தாத்தா. ரெண்டு மாசம்.

மியூசியம் திறந்திருந்தது. திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் ஒரே கூட்டம், நான் திருவெண்காட்டு அர்த்தநாரியிடம் நின்றுவிட்டேன். சோழர் காலத்து வெண்கலம். சிவன் பக்கம் இரண்டு கை, அம்பாள் பக்கம் ஒன்றே ஒன்று. இடது பக்கம் மார்பு, இடுப்பு வளைவு எல்லாம் இருக்கிறது. வலது பக்கம் தட்டை. நடுவில் கோடு எதுவும் இல்லை, ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணால் பிடிக்கவே முடியவில்லை. அரை மணி நேரம் இருக்கும். துப்பட்டாவைச் சரிசெய்கிற சாக்கில் கை தானாக வலது பக்கம் போனது. ஒரு ஸ்கூல் பையன் என்னையே பார்த்தான்.

அழகாக இருக்கிறது. நிஜமாகவே அழகாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

தூங்கினேன்.

பிப்ரவரி 16, திங்கள்

கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை லீவாம். சிரிப்புதான் வந்தது. 044 இரண்டு முறை, இரண்டும் கிரெடிட் கார்டு. அம்மா கேட்கிறாள், டிரெயினிங்கில் மத்தியானம் சாப்பாடு போடுகிறார்களா என்று.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று திறந்திருக்கிறது. உள்ளே லிஃப்ட் இருக்கிறது, செருப்புக்குக் கவலையில்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர், நின்றுகொண்டே இதை டைப் செய்கி

044