பரோலில் கோட்டைவிட்ட எட்டு மதிப்பெண்

இங்கே அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் கிரிமினல் ஜஸ்டிஸ் அறிமுகப் பாடத்தில் சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் தெனாவெட்டுதான். பெயில், பரோல், ஜெயில், ஷெரீப் என்று பாதி வார்த்தைகள் ஏற்கெனவே தெரியும். தினமும் பேப்பர் படித்து வளர்ந்தவளுக்கு இதில் என்ன கஷ்டம்? இடைத்தேர்வில் அந்தத் தெனாவெட்டே காலை வாரிவிட்டது.

கேள்வி இதுதான்: பத்து வருடத் தண்டனையில் ஆறு வருடம் முடித்த ஒருவருக்குப் பரோல் கிடைக்கிறது, அவர் நிலையை விளக்குக. 'தாயாரின் இறுதிச்சடங்கு மாதிரி காரணத்துக்காகச் சில நாள் வெளியே விடுவார்கள், முடிந்ததும் திரும்பிவிட வேண்டும்' என்று கடகடவென எழுதிவிட்டேன். நம்மூரில் அதுதான் பரோல். இங்கே அதற்குப் பெயர் ஃபர்லோ. பரோல் என்றால், மீதித் தண்டனைக் காலத்தை வெளியிலேயே, ஒரு அதிகாரியின் கண்காணிப்பில், நிபந்தனைகளோடு கழிப்பது. நிபந்தனையை மீறினால் மறுபடி உள்ளே போக நேரிடும். எட்டு மதிப்பெண் கேள்வி, எனக்கு விழுந்தது பூஜ்யம்.

அன்றைக்கே ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் நம்மூர் அர்த்தம், வலப்பக்கம் இவர்கள் அர்த்தம். நீங்களும் இதைச் செய்யுங்கள், புது வார்த்தையை விடத் தெரிந்த வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும். புரொபேஷன் என்றால் நமக்குப் புது வேலையின் ஆரம்ப மாதங்கள். இங்கே அது சிறைக்குப் பதிலாக, வெளியிலேயே கண்காணிப்பில் இருக்கும்படி நீதிபதி கொடுக்கும் தண்டனை. ஷெரீப், சென்னையில் ஒரு காலத்தில் பிரமுகர்களுக்குக் கொடுத்த கௌரவப் பதவி. இங்கே பெரும்பாலான கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி. அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியும் பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர்தான். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் ஓட்டும் கேட்க வேண்டும் என்பது எனக்கு ஜீரணமாகவே ஒரு வாரம் ஆனது.

ஜெயிலும் பிரிசனும் வேறு வேறு. ஜெயில் உள்ளூர் நிர்வாகத்தின் கையில். விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் ஓராண்டு வரை தண்டனை பெற்றவர்களும் அங்கே இருப்பார்கள். அதற்கு மேல் என்றால் மாநில அல்லது ஃபெடரல், அதாவது மத்திய அரசின், பிரிசன். சில மாநிலங்களில் இரண்டும் ஒன்றுதான், அதை விடுங்கள். மிஸ்டிமீனர் (சிறு குற்றம்), ஃபெலனி (பெருங்குற்றம்) என்ற பிரிவுக்கும் பெரும்பாலும் இதே ஓராண்டுதான் எல்லை.

கேள்வியில் மாநிலத்தின் பெயர் வந்தால் அதன் கீழே கோடு போட்டுவிடுங்கள். பல மாநிலங்களில் பெயில் தொகையில் சுமார் 10 சதவீதத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் ஏஜென்டுகள் உண்டு, அந்தப் பணம் திரும்ப வராது. இல்லினாய் மாநிலமோ 2023 செப்டம்பரில் பணம் கட்டும் பெயிலையே ஒழித்துவிட்டது.

அடுத்து வழக்குகள். ஆண்டையும் பெயரையும் உருப்போட்டால் மறுநாளே மறந்துவிடும், கதையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவில் ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தை உடைத்ததாகப் பிடிபட்ட கிளாரன்ஸ் கிடியன், வக்கீல் வைக்கக் காசில்லை, ஒருவரை நியமியுங்கள் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றது நீதிமன்றம். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார், 1963-ல் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். மறுவிசாரணையில் வக்கீலோடு போனார், விடுதலை.

1966-ன் மிராண்டா வழக்கில் ஒரு பொறி இருக்கிறது, அதைக் கட்டாயம் கேட்பார்கள். 'பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமைகளைக் கைது செய்த போலீஸ் படித்துக் காட்டவில்லை. வழக்கு தள்ளுபடி ஆகுமா?' சினிமா பார்த்தவர்கள் ஆகும் என்றே எழுதுவார்கள். ஆகாது. காவலில் இருப்பவரை விசாரிக்கும்போதுதான் அந்த எச்சரிக்கை தேவை. சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் நேரடிச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது, அவ்வளவுதான். வேறு சாட்சியம் இருந்தால் வழக்கு நடக்கும். அந்த வழக்கின் நாயகன் மிராண்டாவையே மறுபடி விசாரித்து, போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் இல்லாமலே தண்டித்தார்கள்.

ஒருநாள் கவுன்டி கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். யாரும் போகலாம், பை சோதனை மட்டும் உண்டு. அன்று குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் கேட்கும் அரெயின்மென்ட். அரசு செலவில் வாதாடும் வக்கீல் அம்மா இடுப்பளவு தள்ளுவண்டியில் ஃபைல்களோடு வந்தார். பெயரைக் கூப்பிட, எழுந்து வந்தவரின் காதில் அந்த வக்கீல் ஏதோ சொன்னார், நீதிபதி இரண்டு கேள்வி கேட்டார், அடுத்த தேதி. ஆளுக்கு மூன்று நிமிடம் இருந்தால் அதிகம். ஒரு பையன், இருபது வயதிருக்கும், தன் வக்கீல் யார் என்றே தெரியாமல் எதிர்த்தரப்பு மேஜை அருகே போய் நின்றுவிட்டான்.

குற்றத் தீர்ப்புகளில் ஃபெடரலில் 97 சதவீதமும் மாநிலங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வருபவை என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் எழுதியிருக்கிறது. புத்தகத்தில் படித்தபோது அது வெறும் எண். குற்றவியல் நீதி எப்படி நடக்கிறது என்பதற்குச் சட்டப் பேராசிரியர் ஹெர்பர்ட் பேக்கர் 1960-களில் சொன்ன இரண்டு மாதிரிகள் பற்றி இறுதித் தேர்வில் கட்டுரை வந்தது. ஒன்று தொழிற்சாலையில் பொருள்களை நகர்த்தும் கன்வேயர் பட்டை போல வழக்குகளை நகர்த்துவது, இன்னொன்று ஒவ்வொரு கட்டத்திலும் அரசுக்குத் தடை வைப்பது. கோர்ட்டில் பார்த்த அந்தத் தள்ளுவண்டியைச் சொல்லித்தான் கட்டுரையைத் தொடங்கினேன், பேனா நிற்கவே இல்லை.

கடைசிக் கேள்வி: 2010-ல் செய்த ஃபெடரல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் எப்போது பரோல் கேட்கலாம்? மறுபடி பரோல்! பக்கத்தில் இருந்தவர் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் என்று எழுதினாராம். 1984-ன் சட்டப்படி, 1987 நவம்பர் 1 முதல் செய்த ஃபெடரல் குற்றங்களுக்குப் பரோலே கிடையாது. சிறைக்காலம் முடிந்த பிறகு வரும் கண்காணிப்பைத் தண்டனை சொல்லும்போதே நீதிபதி விதித்துவிடுவார். 'கேட்கவே முடியாது' என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அப்புறம் காரணத்தை எழுதினேன்.