சினாட்ரா நாடகமும் ஒரு பாட்டுக்குப் பட்ட பாடும்

நியூ ஜெர்சியில் எங்கள் நாடகம் அரங்கேறி ஒரு மாதம் ஆகிறது. அந்த லைசென்ஸ் இமெயில்களைத் திறந்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. அமெரிக்காவில் தமிழ் நாடகம் போடுகிறவர்கள், நிஜ மனிதர்களின் கதையை அவர்கள் பாடிய பாட்டோடு மேடையேற்ற நினைத்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கதை அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவும் அவர் சகாக்களும். 1960 தொடக்கத்தில் லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் ஹோட்டல் மேடையில் ஆரம்பித்து, 1963 அக்டோபரில் சினாட்ரா தன் சூதாட்ட விடுதி நடத்தும் லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பதில் முடியும். நடுவில் கென்னடி, சிகாகோ கும்பல் தலைவன் சாம் ஜியங்கானா, இந்த இருவரோடும் பழகிய ஜூடித் கேம்பல். எழுத எட்டு மாதம் பிடித்தது. நடிகர்கள், ஒத்திகை, ஹால் பதிவு எல்லாம் நல்லபடியாக நடந்தன.

இடித்தது பாட்டில்தான். கென்னடியின் தேர்தல் பிரசாரத்துக்காகச் சினாட்ரா தன்னுடைய ஒரு ஹிட் பாட்டையே வரிகளை மாற்றிப் பாடிக் கொடுத்தார். சாமி கான் வரிகள், ஜிம்மி வான் ஹியூசன் இசை. நாடகத்தில் சினாட்ராவாக நடித்தவர் அதை ஒரு நிமிடம் பாடுவதாக இருந்தது. ஹால் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்து கேட்டேன். “எங்களிடம் வருடாந்திர லைசென்ஸ் இருக்கிறது, இந்தப் படிவத்தைக் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுத்தால் போதும்” என்றார்கள். அரைநாள் லீவு போட்டு, இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த அம்மையார் படிவத்தைத் திருப்பி, இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்துகளில் விரல் நகத்தை வைத்து ஒரு வார்த்தையில் நிறுத்தினார். ‘டிரமாட்டிக்’. இது கச்சேரிக்கான படிவம், நாடகத்துக்குச் செல்லாது என்றார். போனில் வேறு மாதிரி சொன்னார்களே என்று கேட்டேன். சொன்னவர் யார் என்று தெரியாது என்று படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். நாடகத்துக்கு 26 நாள்தான் இருந்தது.

விஷயம் இதுதான். மேடையில் நின்று பாட்டை வெறும் பாட்டாகப் பாடினால், ஹால்கள் வருடத்துக்கு ஒருமுறை வாங்கி வைத்திருக்கும் பொது லைசென்ஸ் பொதுவாகப் போதும். அதே பாட்டை ஒரு பாத்திரம் கதைக்குள் பாடினால் அது வேறு உரிமை. ‘கிராண்ட் ரைட்ஸ்’ என்பார்கள். அதைப் பாட்டின் பதிப்புரிமை வைத்திருக்கும் பப்ளிஷரிடம்தான் நேராகக் கேட்டு வாங்க வேண்டும். வரி ஒருவர், இசை ஒருவர் என்றால் பங்குகள் வெவ்வேறு பப்ளிஷர்களிடம் இருக்கலாம். எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

எனக்கு இரண்டு இடத்தில் எழுத வேண்டி வந்தது. முதலாமவர் இருக்கைகள் எத்தனை, டிக்கெட் என்ன விலை, எத்தனை காட்சி என்று கேட்டார். பாட்டு வரும் பக்கத்தோடு அதற்கு முந்தைய, பிந்தைய பக்கங்களும் வேண்டும் என்றார். அனுப்பினேன். தமிழில் இருப்பதால் பரிசீலிக்க முடியாது என்று மறுநாளே திரும்பி வந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து அந்த மூன்று பக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். தொடக்கத்திலேயே ஒரு மொழிபெயர்ப்பைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் போனது நான்கு நாள். ஒன்பதாம் நாள் சம்மதம் வந்தது, ஆனால் மூல வரிகளுக்கு மட்டும். பிரசார வரிகளுக்குத் தனியாகக் கேட்க வேண்டுமாம். எனக்கு வேண்டியதே அந்த வரிகள்தான். இரண்டாமவரிடமிருந்து கடைசிவரை தானியங்கிப் பதில் மட்டும்தான் வந்தது. ஆறு நாள் இருக்கும்போது பாட்டை வெட்டினேன். அன்றைக்கு ஒத்திகையில் யாரும் பேசவில்லை.

நடுவில் இன்னொரு வேலை. சினாட்ராவின் முகத்தை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாம் என்று குழுவில் ஒரு தம்பி சொன்னான். வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். கலிஃபோர்னியா சட்டப்படி, இறந்து 70 ஆண்டு வரை அந்த முகத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை வாரிசுகளுடையது. நாடகத்துக்கு அதில் விலக்கு உண்டு, டீ-ஷர்ட்டுக்குக் கிடையாது. அவர் இறந்தது 1998-இல். போஸ்டருக்கு ஒரு தொப்பியும் மைக்கும் வரைந்தோம். பழைய புகைப்படம் எதையும் தொடவில்லை, அதற்குப் புகைப்படக்காரரின் உரிமை வேறு இருக்கிறது.

கும்பல் தொடர்பு பற்றிய வசனங்களை ஒவ்வொன்றாகச் சலித்தோம். இறந்தவர்களைப் பற்றி எழுதினால் இங்கே அவதூறு வழக்கு நிற்காது என்பார்கள். ஆனால் அது சட்டத்துக்கு மட்டும்தான் பதில். எஃப்பிஐ வைத்திருந்த சினாட்ரா கோப்பு 2,403 பக்கம், அவர் இறந்த வருடமே வெளியானது. அதில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, பெயர் தெரியாதவர்கள் சொன்ன வம்பும் அதில் கிடக்கிறது. அதனால் ஸ்கிரிப்டின் ஓரத்தில் மூன்று நிறத்தில் குறித்தேன். நடந்தது, ஒருவர் சொன்னது, நான் கற்பனை செய்தது. 1962 மார்ச்சில் அதிபர் கென்னடி சினாட்ரா வீட்டில் தங்காமல் இன்னொரு பாடகரான பிங் கிராஸ்பி வீட்டில் தங்கியது நடந்தது. அந்தச் செய்தியைக் கேட்ட சினாட்ரா என்ன பேசினார் என்பது என் கற்பனை. இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். நாடகம் முடிந்ததும் ஒரு பெரியவர் ஒவ்வொரு காட்சியாக நிறுத்திக் கேட்டார், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

சரி, வெட்டிய பாட்டின் இடத்தில் என்ன வைப்பது? விடிய விடிய யோசித்தோம். 1960 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தொடக்கத்தில் சினாட்ராவும் சகாக்களும் தேசிய கீதம் பாடினார்கள். அந்தச் சகாக்களில் ஒருவரான பாடகர் சாமி டேவிஸ் ஜூனியரை அறிமுகம் செய்தபோது தென் மாநிலப் பிரதிநிதிகள் சிலர் கூச்சல் போட்டார்கள். அவர் கறுப்பர், ஒரு வெள்ளைக்கார நடிகையை மணக்கவிருந்தார். முதல் வரைவில் இது இரண்டு வரியில் போயிருந்தது. “அண்ணா, தேசிய கீதத்துக்கு யாரிடம் லைசென்ஸ் கேட்கணும்?” என்று கீபோர்டு வாசிக்கும் பெண் கேட்டாள். யாரிடமும் வேண்டாம். வரிகள் 1814-இல் எழுதியவை, மெட்டு அதைவிடப் பழையது. உரிமை காலாவதியாகி எவ்வளவோ காலம். பதிவான ஒலியைப் போட்டால் அதற்குத் தனி உரிமை உண்டு, நாங்கள் நேரடியாக வாசித்தோம்.

நாடகத்தன்று கீபோர்டில் முதல் சுரம் விழுந்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். அப்புறம் அரங்கமே எழுந்து நின்றது. ஒத்திகையில் நாங்கள் இதை நினைத்தே பார்க்கவில்லை. பின்வரிசையில் உட்கார வைத்திருந்த எங்கள் ஆட்கள் நான்கு பேர் கூச்சல் போடத் தொடங்கினார்கள். எழுந்து நின்றவர்கள் திகைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் சாமியாக நடித்த பையன் தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து, பாட்டை விடாமல் பாடினான்.