இயற்கைத் தேர்வுக்கு எத்தனை மார்க் டீச்சர்?

போன வருஷம் பத்தாம் வகுப்பில் டார்வினை ஆரம்பித்த முதல் நாள், மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, "இயற்கைத் தேர்வுல ஃபெயில் ஆனா செத்துப் போயிடுமா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தேர்வு என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு, அவ்வளவுதான். தேர்ந்தெடுத்தல் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இருப்பது அவர்கள் காதில் விழுவதே இல்லை. இயற்கை என்று ஒருத்தர் சிவப்பு மை பேனாவோடு உட்கார்ந்து, சரியாகப் படிக்காத முயலுக்கு முட்டை மார்க் போடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டால் அது அவள் குற்றமா?

அதே பஸ்ஸில் இன்னொன்றும் தோன்றியது. பாடத் தலைப்பில் வெறும் பரிணாமம் என்றுதான் இருக்கிறது. என் வாயில் மட்டும் எப்போதும் 'பரிணாம வளர்ச்சி' என்றே வருகிறது, எல்லோர் வாயிலும்தான். வளர்ச்சி என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது, மட்டமானதில் இருந்து உசத்தியானதற்குப் போகிற ஏணி ஒன்று பிள்ளைகள் மனதில் நின்றுவிடும், உச்சிப் படியில் நாம். பரிணாமம் என்பதற்கு மாறுதல் என்றுதான் பொருள், உசத்தி தாழ்த்தி அதில் கிடையாது. பதினேழு வருஷமாக இந்த ஒற்றைச் சொல்லை ஒட்டவைத்தே பாடத்தைக் கெடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தசாவதாரத்தை வைத்தும் நடத்தியிருக்கிறேன், மீன், ஆமை, பன்றி, நரசிம்மம் என்று வரிசையாக. பிள்ளைகளுக்கு சுலபமாக மனப்பாடம் ஆகும், மேற்பார்வைக்கு வந்தவர்கூடப் பாராட்டிவிட்டுப் போனார். அதுவும் ஏணிதான். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பாடத்துக்காக ஆசிரியர்கள் கோர்ட் படி ஏறியிருக்கிறார்கள். 1925இல் டென்னஸி மாநிலத்தில் டேட்டன் என்ற சின்ன ஊரில், பரிணாமம் நடத்தியதற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். 2005இல்கூட பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரின் பள்ளிப் பாடத்தை வைத்து பெரிய வழக்கு நடந்தது. இங்கே 2018இல் ஒரு மத்திய இணை அமைச்சர், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் சொன்னது தப்பு என்று பேசினார். 2023இல் மத்தியப் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்து பரிணாமப் பகுதியையே எடுத்துவிட்டார்கள், 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். நம் மாநிலப் பாடத்தில் அது அப்படியே இருக்கிறது. அந்தச் செய்தியை ஸ்டாஃப் ரூமில் சத்தமாக வாசித்தேன். "நமக்கும் எடுத்தா போர்ஷன் குறையும்" என்றார் ஒருவர், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே.

எங்கள் பக்கத்துப் பிரச்சினை இதுதான். யாரும் எதிர்க்கவில்லை. ஒரு அப்பா அம்மாகூட வந்து ஏன் இதை நடத்துகிறீர்கள் என்று என்னிடம் கேட்டதில்லை. வாழ்நாளில் உடம்பில் வந்த மாற்றம் பிள்ளைகளுக்கும் போகும் என்று சொன்ன லாமார்க்குக்கும் டார்வினுக்கும் வேறுபாடு எழுது என்றால் அடிக்கோடிட்டு, கட்டம் போட்டு அழகாக எழுதிவிடுவார்கள். எழுதிய பிள்ளையையே கூப்பிட்டு "இதை நீ நம்புறியா?" என்று கேட்டால் முழிக்கும். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை, அது ஏழு மார்க்.

இதற்கு நடுவில் 2020இல் ஊரடங்கு வந்தது, பாடம் நடக்க வேண்டுமென்று வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கையில் போன் வந்தது. பள்ளி திறந்தபோது ஒரு பையன், ஒன்பதாம் வகுப்புவரை வாயே திறக்காதவன், எழுந்து நின்று "டார்வின் சொன்னதெல்லாம் பொய்யாம் டீச்சர், வீடியோ பாத்தேன். குரங்குல இருந்து மனுஷன் வந்தா இன்னும் ஏன் குரங்கு இருக்கு?" என்றான். எனக்கு வந்தது கோபமில்லை, சந்தோஷம். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தன் இந்தப் பாடத்தோடு சண்டைக்கு வந்திருக்கிறான்!

"உன் சித்தப்பா மகன் இருக்கானே, அவனுக்கா நீ பொறந்த?" என்றேன்.

"இல்ல டீச்சர்."

"ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர்தானே. அதுக்காக அவன் இல்லாமப் போயிட்டானா?"

சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான அந்தத் தாத்தா பாட்டி வாழ்ந்தது சுமார் 60, 70 லட்சம் வருஷங்களுக்கு முன்னால் என்று சொன்னதும் சித்தப்பா மகனை வைத்து ஒரே கேலி. அவன் பக்கத்து செக்‌ஷன்.

அன்றைக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்தேன். பரிணாமம் என்று நெட்டில் தேடி வருகிற படங்களை குரூப்பில் போடுங்கள். நாற்பது படம் வந்தது, முக்கால்வாசி ஒரே படம்: இடது பக்கம் குனிந்த குரங்கு, வலது பக்கம் நிமிர்ந்த மனிதன், நடுவில் வரிசை. 1965இல் ருடால்ஃப் ஜாலிங்கர் என்ற ஓவியர் வரைந்த படத்தின் பிள்ளை குட்டிகள் எல்லாம். ஒன்றில் கடைசி ஆள் கம்ப்யூட்டர் முன்னால் திரும்பக் குனிந்திருந்தான், ஒன்றில் செல்ஃபி எடுத்தான், ஒன்றில் தொப்பையோடு நின்றான். எது எதைப் பார்த்துக் காப்பி அடித்தது, ஒவ்வொரு காப்பியிலும் என்ன மாறியது, எது அதிகம் பரவியது, ஏன் என்று கரும்பலகையில் கிளை கிளையாகப் போட்டோம். தப்பான படத்தை வைத்தே சரியான பாடம் நடந்துவிட்டது. (மீம் என்ற சொல்லை 1976இல் உண்டாக்கியவரே டாக்கின்ஸ் என்ற பரிணாம உயிரியலாளர்தான். இதைச் சொன்ன பிறகு எனக்கு வகுப்பில் கொஞ்சம் மரியாதை கூடியது.)

சரி, முயல் கதைக்கு வருகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற அறிவியல் விளையாட்டுத் தளத்தில் இயற்கைத் தேர்வுக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. எங்கள் லேபில் நெட் வந்தால் கரண்ட் இருக்காது, கரண்ட் இருந்தால் சாவி வைத்திருப்பவர் லீவில் இருப்பார். அதனால் வீட்டிலேயே இறக்கி பென் டிரைவில் கொண்டுபோய் என் லேப்டாப்பில் போட்டு புரொஜெக்டரில் காட்டினேன், நெட் இல்லாமலே ஓடும். முதலில் ஒரே ஒரு வெள்ளை முயல். துணை சேர்த்து சும்மா ஓடவிட்டேன். ஓநாயும் இல்லை, தீனிக்குப் பஞ்சமும் இல்லை. இரண்டு நாலாகி, நாலு பத்தாகி, கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க முயல், முயல்கள் உலகத்தையே பிடித்துவிட்டன என்று சொல்லி விளையாட்டே நின்றுவிட்டது. உயிர்கள் அளவுக்கு மீறிப் பெருகும் என்று டார்வினின் முதல் கருத்தாக ஒப்பித்த பிள்ளைகள்தான், வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

மறுபடி முதலில் இருந்து. பழுப்பு மண் உள்ள இடம், பழுப்பு ரோமத்துக்கான பொத்தானை அமுக்கினேன், கொஞ்சம் பொறுத்து ஓநாயை விட்டேன். எண்ணிக்கை காட்டும் வரைபடத்தில் வெள்ளைக் கோடு சரிகிறது, பழுப்புக் கோடு ஏறுகிறது. "வெள்ளை முயல் ஏன் டீச்சர் பழுப்பா மாறிக்கல?" என்று ஒருத்தி. எல்லா வருஷமும் வருகிற கேள்வி, லாமார்க்கின் ஆவி. தலைமுறை தலைமுறையாக நமக்குக் காது குத்துகிறார்களே, எந்தக் குழந்தையாவது காதில் ஓட்டையோடு பிறந்ததா என்று என் வழக்கமான பதிலைச் சொன்னேன். அதற்குப் பின்னால் வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. கடைசி பெஞ்சில் இருந்து, "பழுப்பு பட்டனை அமுக்குனது நீங்கதானே டீச்சர்? நெசத்துல யாரு அமுக்குறது?"

அந்த விளையாட்டின் பெரிய ஓட்டையே அதுதான், ஒருத்தன் பார்த்த பார்வையில் பிடித்துவிட்டான். யாரும் அமுக்குவதில்லை என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பதில் இல்லை. ஒருத்தன் நோட்டைப் பார்த்து இன்னொருத்தன் எழுதும்போது எழுத்து விட்டுப்போகிற மாதிரி, டிஎன்ஏ தன்னை நகலெடுக்கும்போது பிழை விழுகிறது. பிறக்கிற ஒவ்வொரு குழந்தையிடமும் அப்பா அம்மாவிடம் இல்லாத புது மாற்றங்கள் ஏறக்குறைய 60 இருக்கும், பெரும்பாலானவற்றால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. ஓநாய் வரப்போகிறது என்று பிழைக்குத் தெரியாது. 'தப்பிப் பிழைத்தல்' என்று போர்டில் எழுதிவிட்டு நானே ஒரு நிமிஷம் நின்றேன். தப்பும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. காப்பி அடிப்பவர்கள் மட்டும் வகுப்பில் விவரமாகத் தலையாட்டினார்கள்.

இணையம் என்றால் எங்கள் பக்கத்தில் இன்னொரு கதையும் சொல்லியாக வேண்டும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு நீர்நிலையில் முட்டை வடிவத்தில் பெரிய பெரிய கற்கள் கிடைத்ததும், டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. எனக்கே பல பேர் அனுப்பினார்கள், அதில் இரண்டு பேர் அறிவியல் ஆசிரியர்கள். நேரில் போய்ப் பார்த்த வல்லுநர்கள் அது முட்டை இல்லை, அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி) சார்ந்த படிவுகள் என்றார்கள். அந்த இரண்டாவது செய்தியை யாரும் எனக்கு அனுப்பவில்லை.

எனக்கு அம்மோனைட் முட்டையைவிடப் பெரிய விஷயம். அரியலூர், பெரம்பலூர் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் கடல். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் லாரியும் இங்கே இருப்பதற்குக் காரணமே அந்தக் கடல்தான். 1860களில் பிளான்ஃபோர்டு, ஸ்டோலிச்கா என்ற புவியியலாளர்கள் இந்த மண்ணின் புதைபடிவங்களை வகைப்படுத்தி எழுதியதில் இருந்து உலகத்துப் புவியியல்காரர்களுக்கு ஊட்டத்தூர், காரை என்ற இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் தெரிந்த பெயர்கள். பாடப் புத்தகத்தில் திருவக்கரை கல்மரம் வருகிறது, நல்லதுதான், ஆனால் எங்கள் பிள்ளைகள் அதைத் திருவக்கரையில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கிற மரம் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னும் ஏன் குரங்கு இருக்கு என்று கேட்ட அந்தப் பையன், ஒரு திங்கட்கிழமை மஞ்சள் பையில் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்தான். உள்ளங்கையை விடப் பெரிசு, சுருள் சுருளாக, ஒரு ஓரம் உடைந்து, மாட்டுத்தொட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த கல்லாம். "ஆட்டுக்கெடா கொம்பு மாதிரி இருக்குல்ல டீச்சர்?" அம்மோனைட் என்ற பெயரே ஆட்டுக் கொம்புள்ள அம்மோன் என்ற எகிப்தியக் கடவுளால் வந்தது, இது அவனுக்குத் தெரியாது. ஐயர் வீட்டுப் பூஜையில் வைக்கிற சாளக்கிராமமும் இதே சாதிதான் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை, பிறகு தேடிப் பார்த்து ஒத்துக்கொண்டான். 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால் டைனோசர்கள் அழிந்தபோதே அம்மோனைட்டும் போய்விட்டது. கல்லை வகுப்பு முழுக்கக் கைமாற்றினோம், யாரும் நோட்டை எடுக்கவில்லை.

"இங்க இருந்த கடல் எங்க டீச்சர் போச்சு?" என்றான். எனக்குத் தெரிந்த பதில் பாதிதான். தேடிக்கொண்டு வா என்று சொன்னேன். புதன்கிழமை ஒரு கலர் வரைபடத்தோடு வந்தான், இந்தியா ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிந்து தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிற படம், கிழக்கு ஓரத்தில் எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. பிரவுசிங் சென்டரில் கலர் பிரிண்ட் இருபது ரூபாய் என்றான், சில்லறை இல்லாததால் அம்பதாகக் கொடுத்தேன், மீதி முப்பது இன்னும் வரவில்லை.