உள்பக்கப் பின் சக்கரம்

12 ஜூன் 2024, புதன் – கானாடுகாத்தான்

எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். கார் ஷெட் பின்தெருப் பக்கம். அக்கா மகள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ரிவர்ஸில் ஷெட்டுக்குள் விடுவதுதான் பாக்கி. "மூக்கை முதல்ல விட்டா என்ன மாமா?" என்றாள். விடலாம். காலையில் எடுக்கும்போது வால்பக்கமாகத் தெருவுக்கு வரணும். இரண்டு பக்கமும் மதில். சைக்கிளில் வரும் பிள்ளை கண்ணில் படாது.

14 ஜூன், வெள்ளி

ரிவர்ஸில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கமே வால் போகும், மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். இது எல்லாரும் சொல்வது. நான் இன்று சொல்லிக்கொடுத்தது பின் சக்கரத்தை. திரும்புவது முன் சக்கரம்தான், ஆனால் வண்டி சுற்றுகிற வட்டத்தின் மையம் பின் அச்சின் நேர்கோட்டிலேயே இருக்கும். அதனால் ஷெட் வாசல் தூணுக்கு மிக நெருங்கி வருவது உள்பக்கப் பின் சக்கரம், அதாவது ஒடிக்கிற பக்கத்துப் பின் சக்கரம், இருக்கும் இடம். ஒடிப்பை மாற்றாமல் அது தூணைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் பயமில்லை. உடனே கண் எதிர்ப்பக்க முன் மூலைக்குப் போகணும். அடி விழுவது பெரும்பாலும் அங்கேதான். 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம், நல்ல ஏற்பாடு. ஆனால் அது வாலுக்குத்தான் காவல், மூக்குக்கு இல்லை.

சைடு மிரரைக் கொஞ்சம் கீழே இறக்கிச் சக்கரம் தெரியும்படி வைத்தாள். "நின்னபடி ஒடிக்காதே ஆத்தா, டயர் தேயும். அரை கிளட்ச்சில் உருளவிட்டு ஒடி."

16 ஜூன், ஞாயிறு – பிள்ளையார்பட்டி

நல்ல கூட்டம். வலப்பக்கம் இடம் கிடைத்தது. டிரைவர் சீட் வலப்புறம் என்பதால் சக்கரத்தை எட்டிப் பார்த்தே விடலாம். இடத்தைத் தாண்டிப் போய், மூக்கை இடப்புறம் சாய்த்து நிறுத்தினாள். அப்படிச் செய்தால் பாதித் திருப்பம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பக்கத்து வண்டிக்கு இணையாக வந்ததும், ஒடித்த அளவுக்கே திருப்பி நேராக்கினாள். கோணலாக விழுந்தால் பின்னாலேயே மல்லுக்கட்டக் கூடாது. முன்னால் எடுத்து நேராக்கி வருவதே சுருக்கம்.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒன்றாக "வா வா, ஒடி ஒடி" என்றார்கள். கையைக் காட்ட ஒருவர் போதும்.

18 ஜூன், செவ்வாய்

ஷெட்டுக்குள் விட்டுவிட்டாள், அதுவும் இடப்பக்க ஒடிப்பில். கல்தூணில் உரசவில்லை. அக்காவுக்குப் பெருமை, எனக்கு அதைவிட.

நாளை காரைக்குடி, கல்லுக்கட்டிப் பக்கம் ரோட்டோரமாக இரண்டு கார்களுக்கு நடுவே. அங்கே இடப்புறம் ஒடித்தால் மூக்கு ரோட்டுக்குள் வீசும். பின்னால் பஸ் வருகிறதா என்று பார்த்த பிறகே ஒடிக்கணும்.